பழைய கேமிங் பிசி: பிராசஸரை இப்போ மாத்தலாமா, வெயிட் பண்ணலாமா?

ஒரு பக்கம் சி.எம்.சி மருத்துவக் கல்லூரி வளாகம், இன்னொரு பக்கம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பாகாயம் முழுக்க முழுக்க ஸ்டூடன்ட்ஸ் ஏரியா. இங்கே 2017, 2018 வாக்கில் அசெம்பிள் பண்ணின கேமிங் பிசி வெச்சிருக்கிறவங்களுக்கு இப்போ ஒரே கேள்விதான்: "கேம் திக்குது, பிராசஸரை மாத்திடலாமா?"

மத்த வருஷமா இருந்தா காசு இருந்தா மாத்துங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாம். இப்போ அப்படிச் சொல்ல முடியலை. காரணம், ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி கம்பெனிகள் உற்பத்தியைத் திருப்பி விட்டதால, 2025 கடைசியில சில மாசத்துலயே டிடிஆர்5 ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. பழைய டிடிஆர்4-ம் சேர்ந்தே ஏறுச்சு. நம்ம ஊர்க் கடைகள்ல அதிகம் வித்த க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போறதா மைக்ரான் 2025 டிசம்பர்ல அறிவிச்சது.

இந்தப் பக்கம் வீட்டு பட்ஜெட்டும் முன்ன மாதிரி இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு அமெரிக்கா பெரிய மார்க்கெட். 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து அங்கே 50 சதவீத வரி போட்டப்போ, ஆர்டர் குறையுமோங்கிற பயம் லெதர் பெல்ட் முழுக்கப் பரவுச்சு. அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிற வீட்டுல போய் "அப்பா, ஒரு முப்பதாயிரம் வேணும்"னு கேக்கறதுக்கு முன்னாடி, பிரச்னை நிஜமாவே பிராசஸர்லதானான்னு பாத்துடறது நல்லது.

முதல்ல சூடு. வேலூரை வெயிலூர்னு சும்மா சொல்லலை. ஏப்ரல், மே மாசத்துல வெளியில 40 டிகிரி அடிக்கும்போது, மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்ல இருக்கிற பிசி என்ன பாடுபடும்? சூடு எல்லை தாண்டினா பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். கேம் ஆரம்பிச்சு இருபது நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் திக்குதுன்னா, பெரும்பாலும் இந்தக் கதைதான். ஏழெட்டு வருஷமா மாத்தாத தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு போயிருக்கும், கூலர்ல தூசி அடைச்சிருக்கும். சில நூறு ரூபாய்ல முடியற வேலை.

சூடு ஓகேன்னா அடுத்து, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு பாருங்க. எஃப்பிஎஸ் லிமிட், வி-சிங்க் எதுவும் ஆன்ல இல்லாம பாக்கணும். 95-க்கு மேலே நிக்குதா? அப்போ பிராசஸரை மாத்தி பெரிய பிரயோஜனம் இல்லை, கார்டுதான் திணறுது. 50, 60-ல நிக்குது, ரெசல்யூஷனைக் குறைச்சாலும் எஃப்பிஎஸ் ஏறவே இல்லைன்னா, பிராசஸர்தான் பிடிச்சு இழுக்குது. வேலரன்ட், சிஎஸ்2 ஆடறவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆனா உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான், கேமும் ஏற்கெனவே 60-ல ஸ்டெடியா ஓடுதுன்னா, புது பிராசஸர் தர்ற கூடுதல் எஃப்பிஎஸ் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

சரி, பிராசஸர்தான் பிரச்னைன்னு முடிவாயிடுச்சு. இங்கே ரைசன் வாங்கினவங்க அதிர்ஷ்டசாலிகள். 2017-ல வந்த ஏஎம்4 போர்டுலயே பயாஸ் அப்டேட் பண்ணி ரைசன் 5000 சீரிஸ் போடலாம். ரேம், போர்டு எதையும் தொட வேண்டாம். பழைய ரைசன் 5 1600-ஐ எடுத்துட்டு 5600 போட்டா வித்தியாசம் பளிச்சுனு தெரியும். என்னைக் கேட்டா, இப்போதைக்கு கேமிங்ல காசுக்கு ஏத்த அப்கிரேடு இதுதான். ஆனா பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடிச்சிடணும். மாத்தினப்புறம்னா திரையே வராது. கூலரைக் கழட்டறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, மெதுவா திருகி எடுங்க. வெடுக்குனு இழுத்தா பிராசஸரும் ஒட்டிக்கிட்டு வந்துடும், பின் வளையும்.

இன்டெல் 6, 7-ம் தலைமுறை வெச்சிருக்கிறவங்க பாடுதான் திண்டாட்டம். 8-ம் தலைமுறை சிப் பார்க்க அதே சாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனா அந்தப் போர்டுல ஓடாது. அதனால போர்டோட சேர்த்துதான் மாத்தணும். புது பிளாட்ஃபார்ம்னா டிடிஆர்5, அதாவது இன்னிக்கு விலையில மாட்டிக்கிறது. இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. 12-ம் தலைமுறை ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் மாதிரி சிப்புகளுக்கு டிடிஆர்4 எடுத்துக்கிற போர்டுகள் உண்டு. உங்க பழைய ரேம் டிடிஆர்4-ஆ இருந்தா அப்படியே போட்டுக்கலாம். 4-ம் தலைமுறைன்னா ரேம் டிடிஆர்3, இந்த வழியும் அடைச்சிடும். அவங்க இப்போதைக்குத் தள்ளிப் போடறதே புத்திசாலித்தனம்.

"விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சே, அதுக்காகவாவது மாத்தணுமே?"ன்னு கேக்கறவங்களும் இருக்காங்க. 2025 அக்டோபர் 14-ல சப்போர்ட் முடிஞ்சது உண்மை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ம் தலைமுறை அல்லது ரைசன் 2000 சீரிஸாவது வேணுங்கிறதும் உண்மை. ஆனா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா, 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் இலவசமா வரும். அதுவரை அவசரம் இல்லை.

ஜிடிஏ 6-க்காக இப்பவே பிசியை ரெடி பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: அறிவிச்சிருக்கிறது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ரெண்டுக்கும்தான். பிசிக்குத் தேதியே இல்லை பாஸ்!

காட்பாடியில ட்ரெயின் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் வாங்கற ஐடியா இருந்தா, ஏஎம்4 சிப்போட அடிப்பக்கம் பின் எல்லாம் நேரா இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. இன்டெல் 13, 14-ம் தலைமுறை ஐ7, ஐ9 சீப்பா கிடைக்குதுன்னு தாவாதீங்க. 2024-ல வோல்டேஜ் கோளாறுல மாட்டினது அந்த வரிசைதான். பயாஸ் அப்டேட் வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் ஓடுச்சுன்னு விக்கிறவர்கிட்ட கேளுங்க, வாரன்ட்டி பாக்கி இருந்தா பில்லையும் சேர்த்து வாங்கிடுங்க.