பின்னால் ஒரு பெட்டி

மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும் சின்ன வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் டிரைவரும் இன்னொருவரும் உட்கார இடம். பின்னால் மூடியில்லாத ஒரு பெட்டி. வீடு மாற்றினால் நம்முடைய பீரோவும் கட்டிலும் ஆட்டுக்கல்லும் அதில்தான் ஏறுகின்றன. காராகவும் இல்லாமல் லாரியாகவும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக இருக்கும் இந்த வண்டிக்கு 'பிக்-அப்' என்று பெயர். இதற்கு ஒரு யுத்த சரித்திரம் உண்டு என்று சொன்னால், "பாவம், இதற்குமா?" என்பீர்கள். இதற்கும்தான். அமெரிக்காவில் இந்த வண்டி நூறு வருஷத்துக்கு மேலாக வயலுக்கும் போர்க்களத்துக்குமாக மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வயலைப் பார்ப்போம். ஹென்றி போர்டின் 'மாடல் டி' கார் 1908-ல் வந்தது. குடியானவர்களும் வாங்கினார்கள். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? ஊர்த் தச்சனைக் கூப்பிட்டு, வண்டியின் பின்பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் பொருத்திக்கொண்டார்கள். பால் கேன், கோழிக் கூண்டு, வைக்கோல் எல்லாம் அதில் ஏறின. ஜனங்கள் தாங்களாகவே செய்துகொண்ட இந்த ஏற்பாட்டைக் கம்பெனியே செய்து விற்பதற்கு 1925 ஆகிவிட்டது. நாலு அடி எட்டு அங்குல நீளத்தில் இரும்புப் பெட்டி. விலை 281 டாலர். அந்த வருஷமே சுமார் 34,000 வண்டிகள் போயின.

அதற்குள் மோட்டாரின் ருசி ராணுவத்துக்குத் தெரிந்துவிட்டது. 1916-ல் மெக்ஸிகோவில் பாஞ்சோ வில்லா என்ற புரட்சித் தலைவனைப் பிடிக்க அமெரிக்கப் படை சென்றிருந்தது. மே மாதத்தில் ஒரு நாள், ஜார்ஜ் பாட்டன் என்ற இளம் லெப்டினன்ட், மூன்று டாட்ஜ் கார்களில் சில சிப்பாய்களுடன் கிளம்பினார். எதற்கு? மக்காச்சோளம் வாங்க! வாங்கின கையோடு, வில்லாவின் ஆள் ஒருவன் வந்து போவதாகச் சந்தேகப்பட்ட பண்ணை வீட்டுக்கும் வண்டிகளைத் திருப்பினார். துப்பாக்கிச் சண்டை நடந்தது. எதிரிகளில் மூன்று பேர் இறந்தார்கள். அமெரிக்க ராணுவம் மோட்டாரில் போய் நடத்திய முதல் தாக்குதல் இதுதான் என்கிறார்கள். அவை பிக்-அப் அல்ல, திறந்த கார்கள்தான். ஆனாலும் டாட்ஜ் என்ற பெயர் ராணுவத்தில் நிலைத்தது. முதல் மகா யுத்தத்தில் அந்தக் கம்பெனியின் சிறு சரக்கு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் பிரான்ஸுக்குக் கப்பலேறின.

அந்த யுத்தத்தில் வண்டி ஓட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸில் வசித்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனுக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் ஓவியர் நண்பரிடம் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து ஒரு போர்டு வண்டியை வரவழைத்து, அதைச் சாமான் வண்டியாக மாற்றிக்கொண்டார். தோழி ஆலிஸ் டோக்லஸ் பக்கத்தில் அமர, 1917-ல் இரண்டு பேரும் பிரெஞ்சு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வண்டிக்கு 'ஆண்ட்டி' என்று பெயர். நம் வீட்டில் என்றால் 'அத்தை'. நெருக்கடி வந்தால் கைவிடாதவள், மற்ற நாட்களில் கொஞ்சம் தாஜா செய்ய வேண்டியவள் என்று தம் சொந்த உறவுக்காரி ஒருத்தியின் நினைவாக வைத்த பெயர் அது. இப்படி ஓர் அத்தை இல்லாத குடும்பம் உண்டா? வண்டியைப் பின்னுக்கு எடுப்பது மட்டும் ஸ்டைன் அம்மாளுக்குக் கடைசி வரை சரிப்பட்டு வரவில்லை. அதனால் என்ன? சாமான் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் மகா யுத்தம் வந்ததும் பிக்-அப் முழு உடுப்பும் மாட்டிக்கொண்டது. ஜீப் நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரிந்த வண்டி. அதற்கு மூத்த சகோதரி மாதிரி இருந்த டாட்ஜ் 'டபிள்யூ.சி.' வண்டிகளைப் பற்றிச் சொல்வார் குறைவு. கடையில் விற்ற அரை டன் பிக்-அப்பைத்தான் கம்பெனி முதலில் ராணுவத்துக்காகத் திருத்திக் கொடுத்தது. சேற்றில் இறங்கிய மாட்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் மட்டும் போதாது, முன்னாலும் இழுக்க வேண்டும் அல்லவா? அதுபோல முன் சக்கரங்களுக்கும் எஞ்ஜின் வேகம் போகும்படி செய்தார்கள். ஆனால் வண்டி உயரமாக இருந்தது. தூரத்திலிருந்தே எதிரியின் கண்ணில் படும். 1942-ல் அதைத் தாழ்த்தி, அகலப்படுத்தி, முக்கால் டன் வண்டியாக்கினார்கள். யுத்தம் முடிவதற்குள் இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். ரஷ்யாவுக்கும் அனுப்பினார்கள், அங்கே அதற்கு 'டாட்ஜ் முக்கால்' என்றே பெயர் வழங்கிற்று. ஆம்புலன்ஸாகச் செய்ததில் படுத்த நிலையில் நாலு பேர், அல்லது உட்கார்ந்த நிலையில் ஏழு பேர் போகலாம். காலாட்படையின் சிறு குழுவில் எட்டுப் பேர் இருந்தது பன்னிரண்டாயிற்று. உடனே வண்டியை நீட்டிப் பின்னால் இன்னும் இரண்டு சக்கரம் சேர்த்துவிட்டார்கள். குடும்பம் பெருத்தால் தாழ்வாரத்தை இழுத்துக் கட்டுகிறோமே, அந்தக் கணக்குத்தான்.

யுத்தம் முடிந்தது. கிராமத்துப் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். போர்முனையில் ஓட்டிய வண்டியின் பலம் அவர்கள் கைக்குத் தெரியும். 1946-ல் டாட்ஜ் கம்பெனி அதே ராணுவ அடிச்சட்டத்தின் மேல், யுத்தத்துக்கு முந்திய பிக்-அப்பின் முகப்பை வைத்து, 'பவர் வாகன்' என்று விற்றது. அழகு என்று ஒன்றும் கிடையாது. பெட்டிக்கு முன்னால் ஒரு மூக்கு, அவ்வளவுதான். வேலையோ அபாரம். எஞ்ஜினோடு பட்டையை இணைத்து மரம் அறுக்கலாம். கதிர் அடிக்கும் யந்திரத்தை ஓட்டலாம். விழுந்த மரத்தை இழுக்க முன்னால் கம்பி வட உருளை வைத்துக்கொள்ளலாம். காட்டிலாகாவும் தீயணைப்புக்காரர்களும் விவசாயிகளும் வாங்கினார்கள். பெரிய மாறுதல் எதுவும் இல்லாமலே 1968 வரை அமெரிக்காவில் அது விற்றது.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. பண்டிகைக்குத் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதா, கடையில் ஆயத்தமாகத் தொங்குவதை வாங்குவதா என்று நாம் தயங்குகிறோமே, அந்தத் தயக்கம் அமெரிக்க ராணுவத்துக்கும் பிடித்துக்கொண்டது. 1951 முதல் அளவெடுத்துத் தைத்த 'எம்-37' என்ற டாட்ஜ். கொரியாவிலும் வியட்நாமிலும் உழைத்தது. விலை கட்டவில்லை என்று 1967-ல் கடைப் பக்கம் போனார்கள். ஜீப் கம்பெனியின் 'கிளாடியேட்டர்' பிக்-அப்பைத் திருத்தி 'எம்-715' என்றார்கள். ஒன்றே கால் டன் தாங்கும். ஆனால் அதன் எஞ்ஜின் கொடுத்த தொல்லை கொஞ்சமல்ல. மூன்றே வருஷத்தில் உற்பத்தி நின்றது. 1976-ல் இன்னும் ஒரு படி இறங்கி, கடை டாட்ஜ் பிக்-அப்பையே கிட்டத்தட்ட அப்படியே வாங்கினார்கள். 1984-ல் செவர்லே, டீசல் எஞ்ஜின், பச்சை வர்ணம். முகாமுக்குள்ளும் நல்ல சாலையிலும் சாமான் சுமக்க இவை போதும், மலிவும்கூட.

மலிவில் ஒரு சிக்கல் உண்டு. கவசம் கடையில் விற்கும் வண்டியோடு வருவதில்லை. 1980-களில் அளவெடுத்துத் தைத்த 'ஹம்வி' வண்டிகூட, பெரும்பாலும் பின்வரிசையில் ஓடுவதற்கென்று மெல்லிய உடம்போடு பிறந்ததுதான். 2003-ல் ஈராக்கில் பின்வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. சாலை ஓரத்திலேயே குண்டு புதைத்து வைத்தார்கள். 2004 டிசம்பரில் குவெய்த்துக்கு வந்த ராணுவ மந்திரி ரம்ஸ்பெல்டிடம் ஒரு சிப்பாய் எழுந்து நின்று கேட்டார்: எங்கள் வண்டிகளுக்குக் கவசம் போட நாங்கள் ஏன் குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்க வேண்டும்? கூடியிருந்த சிப்பாய்கள் கைதட்டினார்கள். இருக்கும் படையை வைத்துக்கொண்டுதான் யுத்தத்துக்குப் போக முடியும் என்கிற தோரணையில் மந்திரி பதில் சொன்னார். அந்தக் காலத்தில் குண்டு துளைக்காத மார்க்கவசத்தைத் தாயும் தகப்பனும் மனைவியும் சொந்தப் பணத்தில் வாங்கி அனுப்பிய வீடுகள் உண்டு. அந்தச் செலவைத் திருப்பிக் கொடுப்பதற்கென்று 2004-ல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. மந்திரியின் பதிலைவிட இந்தச் சட்டம் உண்மையை நன்றாகச் சொல்கிறது என்பேன்.

அதற்குப் பிறகு கனமான கவச வண்டிகள் வந்தன. வந்தவை பருமனாக இருந்தன. ஹெலிகாப்டரில் தூக்க முடியவில்லை, குறுகிய பாதையில் நுழையவில்லை. ஆகவே 2020-ல் அமெரிக்க ராணுவம் மறுபடியும் கடைக்குப் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு 649 வண்டிகளுக்கு ஆர்டர். 'செவர்லே கொலராடோ' என்ற பிக்-அப்தான் மூலம். உறுப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறு சந்தையில் கிடைப்பவை. ஒன்பது சிப்பாய்கள் மூட்டை முடிச்சோடு ஏறலாம். சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கம் வரை கொண்டுவிடுவதுதான் இதன் வேலை, உள்ளே இருந்துகொண்டு சண்டை போடுவதற்கு அல்ல என்று ராணுவம் சொல்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டம் உண்டு. கதவு கிடையாது, கவசம் கிடையாது. பின்னால் பெட்டி இருந்த இடத்தில் ஆசனங்கள்.