டிக்கட் இல்லாத படங்கள்

எங்கள் ஊரில் கவிதைத் தொகுப்பொன்றை வெளியிடுகின்றவர் அச்சகக் கடனோடு மண்டபத்துக்குள் நுழைந்து, பெரும்பாலும் கடன் தீர்ந்தவராக வெளியே வருகிறார். குறும்படம் ஒன்றைத் திரையிடுகின்றவரோ கடனோடு நுழைந்து, மண்டபச் செலவையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வெளியே வருகிறார். இருவரையும் பாராட்டுகின்றவர்கள் ஒரே ஆட்கள்தாம். போர்த்தப்படும் பொன்னாடையும் ஒரே கடையில் வாங்கியதுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஈழத்துப் புத்தக வெளியீட்டு விழாவைக் கண்டிராத தமிழக வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை எல்லாம் முடிந்ததும் 'முதற்பிரதி' என்றொரு சடங்கு வரும். ஊரின் தனவந்தர் ஒருவர் மேடையேறி, கடித உறையொன்றை நூலாசிரியரின் கையில் வைத்து முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வார். அவரைத் தொடர்ந்து சிறப்புப் பிரதி பெறுவோர் வரிசை. பின்னர் சபையோர் ஒவ்வொருவராக எழுந்து, ஆளுக்கோர் உறையைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிச் செல்வார்கள். உறைக்குள் பலவேளைகளில் புத்தகத்தின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். வாங்கியவர் வாசிப்பாரா என்பது வேறு விடயம். (வாசிப்பதில்லை என்பது என் துணிபு.) ஆனால் தாள் வாங்கிய காசு ஆசிரியருக்குத் திரும்பிவிடுகிறது. போர் நடந்த காலத்திலும் இந்தத் தீவில் தமிழ் நூல்கள் வந்துகொண்டேயிருந்தமைக்கு அந்த உறைகளும் ஒரு காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

திரைப்படத்துக்கு அந்த உறை இல்லை.

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் எட்டு ஆண்டுகளில் மூன்று குறும்படங்களை எடுத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். தொழில், கல்யாண வீடியோ. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சுயாதீனத் தமிழ்ச் சினிமாவின் உண்மையான தயாரிப்பாளர் யார் என்று என்னைக் கேட்டால், கல்யாண வீட்டார் என்றே சொல்வேன். கமெராவும் லென்சும் வாங்கிய காசு அவர்களுடையது. படத்தொகுப்பு மென்பொருளைக் கற்றுக்கொண்டது அவர்களுடைய நிக்காஹ் வைபவங்களை வெட்டி ஒட்டி. நோன்பு மாதத்தில் எங்கள் பகுதியில் கல்யாணங்கள் நடப்பது அரிது. அந்த ஒரு மாதத்தில்தான் அவர் திரைக்கதை எழுதுவார். பெருநாள் கழிந்து கல்யாணங்கள் தொடங்கினால் எழுதியது மேசையில் கிடக்கும். இப்படித்தான் இருபது நிமிடப் படமொன்றுக்கு இரண்டு ஆண்டுகள் போயின.

அவருடைய செலவுக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பத்திரிகைக்காரனுக்குக் கணக்குப் புத்தகத்தைவிடச் சுவையான இலக்கியம் கிடையாது. மொத்தச் செலவு 180,000 ரூபா. அதில் மிகப் பெரிய தொகை கமெராவுக்கோ விளக்குக்கோ போனதல்ல, சாப்பாட்டுக்குப் போனது. அடுத்தது பெற்றோல். அதற்கடுத்தது வள்ள வாடகை, ஏனெனில் கதை நடப்பது உப்பாற்றுக் கரையில். நடித்தவர்கள் எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை. ஒருவர் ஆசிரியர், ஒருவர் கடற்றொழிலாளி, ஒருவர் ஓட்டோ ஓட்டுகின்றவர். கொப்பியில் எழுதப்படாத செலவு இங்கேதான் இருக்கிறது. சம்பளம் கொடாதவனுக்குக் கோபிக்கும் உரிமை இல்லை. ஆறு மணிக்கு வரச்சொன்னவர் ஒன்பது மணிக்கு வந்தால், காலை வெளிச்சம் போய்விட்டதென்று அவரிடம் சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டு தேநீர் கொடுக்க வேண்டும். முதல்நாள் தாடியோடு நடித்த ஒருவர் மறுநாள் மழித்துக்கொண்டு வந்து நின்றாராம். அது வளரும்வரை மூன்று வாரங்கள் படப்பிடிப்பு நின்றது. மூன்று நாளில் முடியுமென்று கணக்கிட்ட வேலை ஐந்து நாளாயிற்று. சாப்பாட்டுச் செலவு கூடியதன் இரகசியம் இதுதான்.

தாயின் பாத்திரத்துக்கு எங்கள் ஊரில் யாரும் முன்வரவில்லை. வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. பக்கத்து ஆலங்கேணியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி வந்து, முக்காடிட்டு முஸ்லிம் தாயாக நடித்துக் கொடுத்தார். இரு சமூகங்களுக்குமிடையே என்னென்னவோ நடந்து முடிந்த ஒரு மண்ணில், எந்த அரச சார்பற்ற நிறுவனத்தின் நல்லிணக்கக் கருத்தரங்கும் இல்லாமல் நடந்த காரியம் இது. அந்தப் பெண்மணிக்குக் கொடுக்க முடிந்தது ஒரு சேலை மட்டுமே.

படம் ஒரு பாடசாலை மண்டபத்தில் திரையிடப்பட்டது. அனுமதி இலவசம். இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தோம். பேச்சாளர்கள் ஏழு பேர். பேச்சுகள் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். படம் இருபது நிமிடம். "எமது மண்ணின் மைந்தன்" என்று நால்வர் சொன்னார்கள். ஒலிபெருக்கி, புரொஜெக்டர், சிற்றுண்டிப் பொதி, தேநீர் அனைத்தும் மண்ணின் மைந்தனுடைய செலவு. வெளியே வரும்போது பலரும் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "யூடியூப்பில் எப்ப போடுவீங்க?"

யூடியூப் சோறு போடும் என்று எண்ணுவோருக்கு ஒரு கணக்கு. விளம்பர வருமானத்தில் பங்கு பெற, ஒரு தளத்துக்கு ஆயிரம் சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதங்களுக்குள் 4,000 மணித்தியாலப் பார்வை நேரமும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பொதுவான நிபந்தனை (குறுந்துணுக்குகளுக்கு வேறு கணக்கு). இருபது நிமிடப் படத்தைப் பன்னிரண்டாயிரம் பேர் முதலிலிருந்து கடைசிவரை, ஒரு விநாடியும் தாண்டாமல் பார்த்தால்தான் அந்த வாசற்படியையே தொடலாம். அதைத் தொட்ட பிறகு கிடைப்பதோ சில்லறை. நாள்தோறும் எதையாவது பேசிப் பதிவேற்றுகின்றவருக்கு அமைந்த ஏற்பாடு அது. இரண்டு ஆண்டுக்கொரு படம் எடுப்பவருக்கு அது சந்தையல்ல, சுவரொட்டி ஒட்டும் மதில்.

எடுப்பதற்குக் கருவி மலிந்துவிட்டது, இனி எவரும் படமெடுக்கலாம் என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உண்மைதான். ஆனால் எடுப்பதும் காட்டுவதும் இருவேறு செலவுகள். 1992இல் வெளிவந்த 'எல் மரியாச்சி' படத்தை ரொபர்ட் ரொட்ரிகஸ் ஏறத்தாழ 7,000 டொலரில் எடுத்தார். அதில் ஒரு பகுதியைப் புதிய மருந்துகளைச் சோதிக்கும் நிலையமொன்றில் தம் உடலைக் கொடுத்துச் சம்பாதித்தார். உலகெங்கும் இளைஞர்களுக்கு இந்தக் கதை சொல்லப்படுகிறது. சொல்லாமல் விடப்படுவது, அதை வாங்கிய கொலம்பியா நிறுவனம் தியேட்டரில் ஓடக்கூடிய பிரதியாக்கவும் ஒலியைச் செப்பனிடவும் அந்த ஏழாயிரத்தைப்போலப் பல மடங்கு செலவிட்டது என்பது. ஏழாயிரத்தில் ஒரு படம் பிறக்கலாம். அதை மக்களிடம் சேர்க்க அந்தத் தொகை போதவில்லை.

எங்கள் நாட்டுத் தமிழ்ச் சினிமாவின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1962இல் 16 மில்லிமீற்றரில் வந்த 'சமுதாயம்' தொடங்கி, அது சொந்தக் காசு போட்டவர்களின் வரலாறு. 1972இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வி. எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி'க்குக் கதை எழுதியவர் எழுத்தாளர் காவலூர் இராசதுரை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதில் நடித்தார்கள். சாதியை அவ்வளவு நேராகப் பேசிய அப்படம் இன்று பாடமாக வைக்கப்படுகிறது. வெளிவந்தபோது தியேட்டரில் நிலைக்கவில்லை. 1978இல் மாத்திரம் 'வாடைக்காற்று', 'தென்றலும் புயலும்', 'நான் உங்கள் தோழன்', 'ஏமாளிகள்', 'அநுராகம்', 'தெய்வம் தந்த வீடு' என்று ஆறு தமிழ்ப் படங்கள் வந்தன. 1972இல் தொழிற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இறக்குமதியும் விநியோகமும் இருந்தன. இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டதால் உள்ளூர்ப் படத்துக்குத் திரை கிடைத்தது. அந்தத் தரம், இந்தத் தரம் என்று விமர்சிக்கலாம், நானும் விமர்சிப்பேன். ஆயினும் டிக்கட் வாங்கி உள்ளூர்த் தமிழ்ப் படம் பார்த்த ஒரு சமூகம் அன்று இருந்தது. 1983 ஜூலையில் தமிழருக்குச் சொந்தமான தியேட்டர்களோடு, சினிமாஸ் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது. சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் அதனோடு போயின. எரித்தவர்கள் எதை எரிக்கிறோம் என்று அறிந்திருக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் தலைமுறை படம் பார்த்தது வீட்டு முற்றத்தில், வாடகை டெக்கில், ஜெனரேற்றர் இரைச்சலுக்கு நடுவே. அங்கும் தலைக்கு இவ்வளவென்று காசு கொடுத்தோம். ஆனால் அது இந்தியப் படத்துக்கு. உள்ளூர்ப் படத்துக்குக் காசு கொடுக்கும் பழக்கம் அந்த இடைவெளியில் செத்துப்போயிற்று. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடத்துகிறார்கள். மிக நல்ல காரியம். விழா ஒரு படைப்பாளிக்கு மதிப்பைத் தரும், நண்பர்களைத் தரும். அடுத்த படத்துக்கான பெற்றோலை அது தராது.

பெற்றோலைத் தர வேண்டியவர்கள் பார்வையாளர்கள். இதைச் செய்துகாட்டியவர் மலையாளத்தில் ஜோன் ஏபிரகாம். நமக்கு அவர் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவராக அறிமுகமானவர். 1986இல் வந்த 'அம்ம அறியான்' படத்துக்காக அவரும் நண்பர்களும் 'ஒடேசா' என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'த கிட்' படத்தைக் காட்டி, பார்த்தவர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார்கள். எடுத்து முடித்தபின் அதே ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜோன் இறந்துபோனார். அவருக்குப் பிறகும் ஒடேசா திரையிடல்களை நடத்திக்கொண்டுதான் இருந்தது. இன்று இணையத்தில் பணம் திரட்டுவதைப் புதிய கண்டுபிடிப்பாகப் பேசுகின்றவர்கள் இந்தப் பறையடித்த நாட்களை நினைத்துக்கொள்வது நல்லது.

ஒடேசாவின் முறைக்கும் எங்கள் முதற்பிரதிக்கும் அதிக தூரமில்லை. ஆகவே நான் கேட்பது ஒன்றும் புரட்சியல்ல. முதற்பிரதி பெறும் தனவந்தர் முதல் டிக்கட்டைப் பெறட்டும். சிறப்புப் பிரதிக்காரர்கள் சிறப்பு டிக்கட் எடுக்கட்டும். மற்றவர்கள் வாசலில் முந்நூறு ரூபா கொடுத்து உள்ளே வரட்டும், மாணவர்களுக்கு நூறு. அன்று மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் முந்நூறு வீதம் கொடுத்திருந்தால் அறுபதாயிரம். மூன்று ஊர்களில் அப்படி ஓடினால் படத்தின் முழுச் செலவும் வந்துவிடும். மூதூரும் தம்பலகாமமும் திருகோணமலைப் பட்டணமும் எங்களுக்குத் தூரமல்ல. ஒருகாலத்தில் பாதையில் ஏறித் தண்ணீரைக் கடந்து பட்டணம் போக வேண்டியிருந்தது. 2009 முதல் பாலம் இருக்கிறது.

டிக்கட் போட்டால் பொது அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் வேண்டும், கேளிக்கை வரி வரும் என்று பயமுறுத்துவோர் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், அது கொலைக்குற்றமல்ல. வரி உள்ளூராட்சி மன்றத்தின் கைக்குரியது. உள்ளூர்க் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்த நகர சபைத் தலைவர்களுக்கு நேரம் கிடைக்கிறதென்றால், அவருடைய படத்துக்கு அந்த வரியைத் தளர்த்துவதைப் பற்றிச் சபையில் பேசவும் நேரம் கிடைக்கும்.

சினிமாவே கூடாது என்போரிடம் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் படத்தை இலவசமாகப் பார்ப்பது ஆகும், காசு கொடுத்துப் பார்ப்பது ஆகாது என்ற நிலைப்பாடு எந்தக் கிதாபில் உள்ளதென்று எனக்குத் தெரியவில்லை. ஈரானில் அப்பாஸ் கியரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' (1987), சிறுவர்களுக்கான ஓர் அரச சார்பு நிறுவனத்தின் ஆதரவில் உருவானது. ஒரு கொப்பி, ஒரு சிறுவன், இரண்டு கிராமங்கள். கட்டுப்பாடுகள் நிறைந்த சமூகமொன்று தன் பிள்ளைகளைப் பற்றி எடுத்த படத்தை உலகமே பார்த்தது. எங்கள் கரையில் கொப்பிகளும் சிறுவர்களும் குறைவில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தபோது, எங்கள் செய்திகள் ஒரு வாரம் ஓடின. அதற்குப் பிறகும் அந்தத் தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர் இந்தக் கல்யாண வீடியோக்காரர்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். "நான் தயாரிக்கிறேன், ஆனால் என் கதையை எடுக்க வேண்டும்" என்று தொலைபேசியில் வருகின்றவர்களைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். தயாரிப்பாளராக வேண்டாம் ஐயா, பார்வையாளராக வாருங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ ஒரு சனிக்கிழமை, ஊர்ச்சங்கக் கூட்டத்துக்கு எடுத்த மண்டபத்திலேயே, டிக்கட் போட்டு அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். பேச்சாளர்கள் தேவையில்லை.

அவர் கமெராவை விற்றுவிட்டார். கட்டாரில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். படத்தின் பிரதியொன்றை ஹார்ட் டிஸ்கில் போட்டு என்னிடம் தந்திருக்கிறார். நோன்புப் பெருநாள் கழிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பின், அதே பாடசாலை மண்டபத்தில் மீண்டும் திரையிட அதிபரிடம் கேட்டிருக்கிறேன். சான்றிதழுக்கான விண்ணப்பமும் போய்விட்டது. டிக்கட் முந்நூறு ரூபா. முதல் டிக்கட்டை யார் வாங்குவதென்று இன்னும் முடிவாகவில்லை.