சக்கரத்தின் மேல் ஒரு வீடு



'கேரவன்' என்னும் சொல்லை இன்று நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். படப்பிடிப்பு நடைபெறும் இடங்களில் நடிகர் நடிகையர் ஒப்பனை செய்துகொள்ளவும் இளைப்பாறவும் நிறுத்தப்பட்டிருக்கும் குளிர்சாதன வண்டிக்கு அப்பெயர் நம்மிடையே நிலைத்துவிட்டது. வேடிக்கை பார்க்கச் சென்றோர் பெரும்பாலும் கண்டு திரும்புவது அவ்வண்டியின் மூடிய கதவைத்தான். ஆயினும், உண்ணவும் உறங்கவும் வசதி செய்துகொண்டு ஊர்விட்டு ஊர் செல்லும் வீட்டு வண்டிகளுக்கு மேனாடுகளில் நெடிய வரலாறு உண்டு. அவற்றுள் சில, தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்து விற்கப்பட்டவை அல்ல. தனி மனிதர் தம் தேவைக்கும் மனப்போக்கிற்கும் ஏற்பத் தனியே கட்டுவித்தவை. அவ்வண்டிகளின் அழகைக் காட்டிலும், அவற்றை யார், யாருக்காகக் கட்டினர் என்பதே நம் கருத்தைக் கவர்ந்தது. அது பற்றி இம்மாதம் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில், மோட்டார் வருமுன் குதிரைகள் இழுத்த வண்டி ஒன்று. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் ஸ்காட்லாந்து நாட்டவர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றியபின், சிறுவர்க்கான வீரக் கதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். சாலையோரம் ரோமா மக்களின் வீட்டு வண்டிகளைக் கண்டு, தமக்கும் அப்படியொன்று வேண்டுமென்று ஆசைகொண்டார். (இந்த ரோமா மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு அவர்களது மொழியே சான்று. வண்டியே வீடாக வாழ்ந்த அம்மக்களை ஐரோப்பா ஊருக்கு ஊர் விரட்டியது. அவர்களது வண்டியை மட்டும் ஆசையோடு எடுத்துக்கொண்டது!) பிரிஸ்டல் நகரில் அவருக்காகச் செய்யப்பட்ட வண்டிக்கு 'வாண்டரர்', அதாவது 'நாடோடி' என்று பெயரிட்டார். 1885ஆம் ஆண்டில் அதில் புறப்பட்டு, தென் இங்கிலாந்தின் ட்வைஃபர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வெர்னெஸ் வரை, ஏறத்தாழ 1,300 மைல் பயணம் செய்தார். இழுத்தவை இரண்டு குதிரைகள். உடன் சென்றோர் ஒரு வண்டியோட்டி, ஒரு பணியாள், ஒரு பெரிய நாய், ஒரு கொண்டைக்கிளி. பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, எதிர்வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை கூறுவாராம். அந்த 'நாடோடி' இன்றும் பிரிட்டனில் பேணிக் காக்கப்படுகிறது.

அடுத்தது மோட்டார்க் காலம். பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் ரூசெல் பெருஞ்செல்வர். பாரிசில் பிறந்து, தம் தந்தையார் விட்டுச்சென்ற சொத்தில் வாழ்ந்தவர். 1925ஆம் ஆண்டளவில் அவர் தமக்கென ஓர் 'உருளும் வீடு' செய்வித்தார். நீளம் 9 மீட்டர், அகலம் 2.30 மீட்டர். உள்ளே வரவேற்பறை, படுக்கையறை, எழுதும் அறை, குளியலறை, பணியாட்கள் உறங்கத் தனியிடம் எல்லாம் உண்டு. பகலில் வரவேற்பறையாக இருப்பது இரவில் படுக்கையறையாக மாறும். கட்டி முடித்த ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் 3,000 கிலோமீட்டர் சுற்றினார். மறு ஆண்டு உரோமைக்குச் சென்றார். அங்கே முசோலினி அவ்வண்டியைப் பார்வையிட்டார். பாப்பரசர் 11ஆம் பத்திநாதரும் அதனைப் பற்றிக் கேள்வியுற்று ஆவல் கொண்டார் என்றும், தாம் நேரில் வர இயலாமையால் தம் பிரதிநிதி ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார் என்றும் ரூசெலின் வரலாற்றை எழுதினோர் குறிப்பிடுவர். இது எளிதில் நம்பக்கூடியதே. 1929இல் லாத்தரன் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை, இத்தாலிய அரசோடு இருந்த பிணக்கினால் பாப்பரசர்கள் வத்திக்கானை விட்டு வெளியே வருவதில்லை. வீட்டையே உருட்டிக்கொண்டு உலகைச் சுற்றும் ஒருவரும், தம் வீட்டு வாயிலைத் தாண்டாத ஒருவரும் ஒரே நகரில் இருந்தனர் என்பதை எண்ணினால் புன்னகை வருகிறது.

ஆனால் ரூசெலின் கதையில் நம்மை வருந்தச் செய்வது வேறொன்று. இத்தனை அறைகள் இருந்தும் அவ்வீட்டில் மனைவி இல்லை, மக்கள் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்வோர் மட்டுமே உடன் இருந்தனர். உலகையே சுற்றி வந்த அவர், தம் பயணங்களிலிருந்து எதனையும் தம் நூல்களுக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்று தாமே எழுதிவைத்தார். சன்னலுக்கு வெளியே எந்த நாடு இருப்பினும், உள்ளே அதே மேசை, அதே தாள், அதே தனிமை. செல்வம் கரைந்த நிலையில் 1933இல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஓர் ஓட்டல் அறையில் அவர் இறந்து கிடந்தார்.

நிற்க. ரூசெல் உரோமைக்குச் சென்று ஐந்து ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மனியின் தென்பகுதியில், ஆல்கோய் மலைநாட்டு இஸ்னி என்னும் சிற்றூரில் இன்னொரு வண்டி உருவாயிற்று. நாம் சொல்லவந்த கதைகளுள் நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது இதுவே.

அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்னும் இளைஞர் சாட்டை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1832 முதல் நடந்துவந்த தொழில் அது. குதிரைச் சாட்டைகளோடு, பனியில் சறுக்கி விளையாடுவோர் ஊன்றும் கோல்களையும் செய்து விற்றனர். சரக்கைக் கடைகளுக்குக் காட்டி விற்பனை பிடிக்க அரிஸ்ட் வாரக்கணக்கில் ஊர் ஊராய்ச் செல்ல வேண்டியிருந்தது. அவர் மணமுடிக்க இருந்த ஃப்ரிடெல் எடெல்மன் ஓர் ஓவியர். இயற்கைக் காட்சிகளை வரைபவர். திருமணத்துக்குப் பின்னும் கணவர் ஒரு திசையில், தாம் ஒரு திசையில் என்று வாழ அப்பெண்மணிக்கு விருப்பமில்லை. நாடோடிகளின் வண்டிபோல் ஒன்று இருந்தால் இருவரும் சேர்ந்தே செல்லலாம். தாமும் வழியில் ஓவியம் தீட்டலாம் என்று தம் எண்ணத்தைத் தெரிவித்தார்.

வேறொருவராயின் இதனைப் பெண்ணின் விளையாட்டு ஆசை என்று சிரித்து விட்டிருப்பார். அரிஸ்ட் சிரிக்கவில்லை. 1931இல், காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க ஒரு சிறு வீட்டைத் தாமே கட்டத் தொடங்கினார். படுக்கை, மேசை, சமைக்க இடம் யாவும் அதற்குள் அடங்கின. கூரையை மேலே உயர்த்தி உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஓடும்போது காற்று தடுக்காதபடி கூரையைத் தாழ்த்திக்கொள்ளலாம். அதற்கு அவர் இட்ட பெயர் 'வோன்ஆட்டோ'. 'குடியிருக்கும் மோட்டார்' எனலாம். ஜெர்மனியில் மோட்டாரால் இழுக்கப்பட்ட முதல் வீட்டு வண்டி அதுவே என்பர்.

மணமான பின் இருவரும் அதில் பயணம் செய்தனர். மகள் உர்சூலா பிறந்தபின் அக்குழந்தையும் அதிலேயே உடன் சென்றது. கணவர் கடைகளில் சாட்டைகளைக் காட்டிக்கொண்டிருப்பார். மனைவி வண்டியருகே அமர்ந்து மலைகளை வரைந்துகொண்டிருப்பார். கண்டவர் எல்லாம் நின்று விசாரித்தனர்; தமக்கும் ஒன்று வேண்டுமென்றனர். நாளடைவில் சாட்டைத் தொழில் பின்தங்கி, வண்டித் தொழில் முன்னேறிற்று. மோட்டார் பெருகியதால் குதிரைச் சாட்டைக்கு வேலை குறைந்த காலம் அது. மனைவியை மகிழ்விக்கக் கட்டிய வண்டி, குடும்பத்துக்கே சோறு போடும் தொழிலாயிற்று. இஸ்னி ஊரில் அத்தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. உர்சூலா வளர்ந்து தாயைப் போலவே கலைத்துறையில் ஈடுபட்டார்.

பிழைப்புக்காக மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வாழும் குடும்பத் தலைவர்கள் நம் வாசகர் இல்லங்களில் எத்தனை பேர்! லாரி ஓட்டுவோர் உண்டு. கடல் கடந்து வளைகுடா நாடுகளில் உழைப்போர் உண்டு. அவர்கள் எல்லாரும் வீட்டையே பின்னால் பூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது என்பதை நாமும் அறிவோம். ஆயினும் "என்ன செய்வது, தொழில் அப்படி" என்று அரிஸ்ட் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அவ்வாறு சொல்லவில்லை என்பதைக் குறிக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

ஏழைத் தொழிலாளியின் வசதிக்கு ஏற்றவாறும் ஜெர்மானியர் ஒரு வழி கண்டனர். 1950இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் சரக்கு ஏற்றும் சிறு வேன் ஒன்றைச் செய்து வெளியிட்டனர். மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் வண்டிப் பட்டறையார் அதற்குள் பொருத்தவும் கழற்றவும் கூடிய மரச்சாமான்களைச் செய்தனர். அதனை 'முகாம் பெட்டி' என்று அழைத்தனர். வாரநாட்களில் வேன் சரக்குச் சுமக்கும். விடுமுறை வந்தால் பெட்டியை உள்ளே வைத்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்லலாம். தொழிலுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என இரண்டு வண்டி வாங்க இயலாதவர்க்கு இது எத்துணை வசதி!

குடும்பத்தைச் சேர்த்துவைத்த வண்டிகளைப் பற்றிச் சொன்னோம். எவரையும் அண்டவிடாமல் தடுப்பதற்காகவே கட்டப்பட்ட வண்டியும் ஒன்று உண்டு. 1969 சூலை 24ஆம் நாள், நிலவில் இறங்கித் திரும்பிய அப்பல்லோ 11 விண்கலம் பசிபிக் கடலில் விழுந்தது. நிலவிலிருந்து அறியாத நோய்க்கிருமி ஏதேனும் தொற்றியிருக்குமோ என்று அறிஞர்கள் அஞ்சினர். ஆகவே ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் நேரே ஒரு வண்டிக்குள் அடைத்தனர். விடுமுறை செல்வோர்க்கென அமெரிக்காவில் விற்கப்படும் ஏர்ஸ்ட்ரீம் என்னும் வெள்ளிநிற வீட்டு வண்டியைச் சக்கரம் நீக்கி, காற்றுப் புகா வண்ணம் மாற்றியமைத்திருந்தனர். நீளம் 35 அடி. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவு. எங்கேனும் ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமேயன்றி உட்காற்று வெளியே போகாது. ஒரு மருத்துவரும் ஒரு பொறியியலாளரும் மனமுவந்து அம்மூவரோடு உள்ளே இருந்தனர். ஹார்னெட் என்னும் கப்பலில் வைத்திருந்த அவ்வண்டியின் சிறு சன்னலுக்கு வெளியே நின்றுதான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் அவர்களை வரவேற்றார்.

பின்னர் வண்டியை ஆட்களோடு சேர்த்தே விமானத்தில் ஏற்றி ஹூஸ்டன் நகருக்குக் கொண்டுவந்தனர். சூலை 27ஆம் நாள் பொழுது விடியுமுன் மூவரின் மனைவியரும் விமான நிலையத்தில் காத்திருந்தனர். நிலவுக்குப் போய்வந்த கணவர் கண்ணாடிக்கு அப்பால், மனைவி இப்பால். முகம் தெரிகிறது, கை எட்டவில்லை. அதன்பின் ஆய்வுக்கூடத்தில் மேலும் பல நாள் தனிமை. ஆகஸ்டு 10ஆம் நாள்தான் வீடு திரும்ப அனுமதி கிடைத்தது. கிருமி எதுவும் இல்லை என்று தெளிந்தபின், 1971இல் சென்ற அப்பல்லோ 14க்குப் பிறகு இவ்வழக்கம் கைவிடப்பட்டது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று தம் உறவினரைப் பார்த்த வாசகர்களுக்கு அம்மனைவியரின் நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, இன்றைய செய்தி ஒன்று. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், அமெரிக்காவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தோர் பலர், முதியோர் உட்பட, வேன்களில் குடியேறினர். ஜெசிகா புரூடர் என்னும் பெண் பத்திரிகையாளர் அவர்களோடு பழகி 2017இல் ஒரு நூல் வெளியிட்டார். அதனைத் தழுவிய திரைப்படம் 2021இல் ஆஸ்கார் விருது பெற்றது. இவர்களுடைய வண்டிகளும் தனிப்பட்டுச் செய்தவையே. ஆனால் இங்கே பட்டறைக்காரர் இல்லை. பழைய பள்ளிப் பேருந்தின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுப் பலகை பரப்புவர். (பள்ளிப் பேருந்தின் மஞ்சள் நிறத்தைப் பல மாநிலங்களில் சட்டப்படி மாற்றியாக வேண்டும்.) கட்டிலுக்கு அடியில் தண்ணீர்க் குடுவைகள், கழிப்பறைக்கு ஒரு மூடியிட்ட வாளி, கூரைமேல் சூரிய ஒளியில் மின்சாரம் தரும் தகடு. இரவில் நகரத் தெருவில் நிறுத்தினால் காவலர் வந்து கதவைத் தட்டி எழுப்பிப் போகச் சொல்வர் என்பதால், வெளிச்சம் கசியாதபடி சன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொள்வர். ஊர்சுற்றும் விருப்பத்தினால் இவ்வாழ்வை மேற்கொண்ட இளைஞரும் இவர்களிடையே உண்டு. அவர்களது படங்களே பெரிதும் வெளிவருகின்றன. வேறு வழியின்றி வந்தவரையும் விரும்பி வந்தவரையும் ஒரே பெயரால் அழைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

இவர்களுக்கு உறங்க இடம் தேடுவதைக் காட்டிலும் பெரிய தொல்லை முகவரி. முகவரி இன்றேல் ஓட்டுநர் உரிமம் இல்லை, காப்பீடு இல்லை, கடிதம் வந்துசேர வழியில்லை. அதனால் தெற்கு டகோட்டா மாநிலத்தை நாடிச் செல்வோர் பலர். அங்கே ஒரு விடுதியிலோ முகாமிலோ ஓர் இரவு தங்கியதற்கு ரசீதும், கடிதங்களைப் பெற்று அனுப்பித் தரும் நிலையம் ஒன்றின் முகவரியும் காட்டினால் உரிமம் வழங்குவர். அவர்களது கடிதங்களெல்லாம் அந்நிலையத்தின் பெட்டியில் சேர்கின்றன.

குளிர்காலம் வந்ததும் இவர்களுள் பெருந்தொகையினர் அரிசோனா மாநிலத்துக் குவார்ட்சைட் ஊரையொட்டிய பாலைவெளியில் கூடுகின்றனர். அரசுக்குச் சொந்தமான அந்நிலத்தில் குறித்த நாட்கள் வரை தங்க யாரும் தடை சொல்வதில்லை. ஆண்டு முழுதும் தனித்தனியே ஒளிந்து உறங்கியவர்கள் அங்கே வண்டிகளை அருகருகே நிறுத்தி, மாலையில் நெருப்பு மூட்டிச் சுற்றிலும் நாற்காலி இட்டு அமர்கின்றனர். புதிதாக வந்தவர்க்குக் கட்டில் அமைப்பது எப்படி, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது எப்படி, எந்த ஊரில் எத்தெருவில் இரவு நிறுத்தினால் எவரும் வந்து தட்டமாட்டார் என்று பழையவர்கள் சொல்லித் தருகின்றனர்.