எல்லாரும் மாப்பிள்ளை

2025 செப்டம்பர் 30-ம் தேதி ஓப்பன்ஏஐ ‘ஸோரா’ ஆப்பை வெளியிட்டது. அமெரிக்கா, கனடாவில் மட்டும். அதுவும் அழைப்பு இருந்தால்தான். ஐந்து நாளுக்குள் பத்து லட்சம் டவுன்லோட். அடுத்த சில மாதங்களில் சறுக்கல்.

நம் முகத்தைக் கொடுத்து ஒரு வரி எழுதினால் நிலாவில் டான்ஸ் ஆட முடிந்தது. முதல் நாள் ‘அட!’ பத்தாம் நாள் ‘ம்...’ ஏன்?

கல்யாண வீடியோ மாப்பிள்ளைக்கு அமிர்தம், பார்க்க வந்தவருக்குத் தண்டனை. அந்த ஆப்பில் எல்லாருமே மாப்பிள்ளையாக இருந்தார்கள். பார்க்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

இன்னொன்று. அலமாரியிலிருந்து பூனை தவறி விழுந்தால் சிரிக்கிறோமே, அது நிஜமாக விழுந்ததால்தான். எது வேண்டுமானாலும் நடக்கும் என்றான பின் எதற்கு ஆச்சரியப்படுவது?

1895-ல் பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம்கூட ஓடாது. படம் அசைந்ததே போதுமாயிருந்தது. அந்தப் பிரமிப்பு தீர்ந்தபோது சினிமாவைக் காப்பாற்றியது கதை. 1902-ல் மெலியே, பீரங்கியில் வைத்து நிலாவுக்கு ஆளனுப்பினார். அங்கே என்ன ஆகும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

இதைச் சொன்னால், “அடுத்த வெர்ஷனைப் பாருங்க சார்” என்கிறார்கள். வெர்ஷன் வரட்டும். சொல்ல ஒரு விஷயம் வருமா?