பழகிப்போன மூக்கு

கொரட்டூர் ஏரிப் பக்கம் வரும் விருந்தாளி மூக்கைப் பொத்துகிறார். வீட்டுக்காரரோ, ‘ஒண்ணும் தெரியலையே சார்’ என்கிறார். பொய்யில்லை. மூளையின் முகர்குமிழில், வாசனைச் சேதியை மேலே அனுப்பும் செல்களைவிட அதை அடக்கும் ‘கிரான்யூல்’ செல்கள் பல மடங்கு அதிகம். ‘காபா’ என்கிற ரசாயனத்தை விட்டு, பழகின சேதியை அமுக்கிவிடும். இந்த அடக்குமுறை இல்லாவிட்டால் மல்லிக்கும் மருக்கொழுந்துக்கும் வித்தியாசம் பார்ப்பதே கஷ்டமாகிவிடும். அதனால் செல்லைத் திட்டாதீர்கள்.

நான் திட்டுவது, ‘அங்கே குடியிருக்கிறவங்களே புகார் பண்ணலையே’ என்கிற வாதத்தை. கழிவுநீர் கலக்கிறது என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஏரி ஸ்வாமி அது! நாற்றத்தை அளக்க உள்ளூர் மூக்கு உதவாது. அடுத்த தடவை ஊரிலிருந்து மாமியார் வந்தால், வாசலிலேயே நிறுத்தி என்ன நாற்றம் என்று கேளுங்கள். காபி கொடுப்பதற்கு முன்பே புகாரை எழுதிவிடுங்கள்.