மஞ்சள் கருவைப் பார்த்து மயங்காதீங்க!

முட்டையை உடைத்து ஊற்றுகிறீர்கள். மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று இருக்கிறது. "ஆஹா, சத்தான முட்டை!" என்று சந்தோஷப்படுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒரு நடுத்தரக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். தெருமுனைக் கடையில் சாதா முட்டை. சூப்பர் மார்க்கெட்டில் அழகான பெட்டியில் 'ஸ்பெஷல்' முட்டை. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. "கோழிக்குப் பாசி கொடுத்து வளர்த்த முட்டைங்க" என்கிறார்கள். எதை வாங்குவது? அந்த வீட்டு அம்மாவுக்குக் குழப்பம் வருவது நியாயம்தானே!

முதலில் நிற விஷயத்துக்கு வருவோம். மஞ்சள் கருவின் நிறத்தைக் கோழியால் தானாகத் தயாரிக்க முடியாது. அது தின்கிற தீவனத்திலிருந்துதான் நிறம் வருகிறது. மக்காச்சோளம் தின்றால் மஞ்சள். துலுக்க சாமந்திப் பூவின் சாறு கலந்தால் பொன் மஞ்சள். சிவப்பு மிளகாய்ச் சாறும் சேர்ந்தால் ஆரஞ்சு. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க, 1 முதல் 15 வரை எண் போட்ட விசிறி அட்டையே முட்டைத் தொழிலில் உண்டு! ஆக, நிறம் சொல்வது கோழி என்ன தின்றது என்பதைத்தான். கரு வெளுத்திருந்தாலும் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தத் தீவன வரிசையில் சேர்ந்திருக்கும் இன்னொன்றுதான் நுண்பாசி. அதில் பிரபலமானது ஸ்பைருலினா. காயவைத்த பொடியில் 100 கிராமுக்கு 60 கிராம் அளவுக்குப் புரதம். கூடவே பீட்டா கரோட்டின். நம் ஊருக்கு இது புதுசு இல்லை. சென்னையில் உள்ள முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் 1990-களின் தொடக்கத்திலேயே இதைக் கிராமத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து, வைட்டமின் 'ஏ' குறைபாட்டுக்கு உதவுகிறதா என்று சோதித்தது. பிறகு புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பண்ணையே அமைத்து வளர்த்தார்கள்.

மனிதனுக்கு நல்லது என்றால் கோழிக்கும் நல்லதுதானே? நல்லதுதான். நூறு கிலோ தீவனத்தில் ஒன்றிரண்டு கிலோ சேர்த்தாலே கருவின் நிறம் கூடுகிறது. கோழியின் எதிர்ப்புச் சக்திக்கும் உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சோளம், சோயாப் பிண்ணாக்கோடு ஒப்பிட்டால் விலை எக்கச்சக்கம். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும்? உங்கள் பர்ஸில்தான்!

பாசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோழிகள் சீக்கிரம் எடை போடுவதற்காக ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கலக்கும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் நமக்குப் பெரிய ஆபத்து. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் கொடுத்து வந்தார்கள். 2019-ல் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. பாசி கலப்பதால் இப்படிப்பட்ட மருந்துகள் குறையுமானால், இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம். வெறும் நிறத்துக்காக என்றால்... ஒரு பைசாகூட அதிகம்!

இன்னொரு குழப்பம், ஒமேகா-3. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.ஹெச்.ஏ. என்ற கொழுப்பு ஸ்பைருலினாவில் கிடையாது. அது வேறு சில கடல் நுண்பாசிகளில் இருக்கிறது. அவற்றைக் கோழிக்குக் கொடுத்தால் முட்டையிலும் அது சேரும். எனவே பெட்டியில் 'பாசி' என்று பொதுவாகப் போட்டால் போதாது. என்ன பாசி? ஒரு முட்டையில் எத்தனை மில்லிகிராம் டி.ஹெச்.ஏ.? மருந்து கொடுத்தார்களா, இல்லையா? இதையெல்லாம் அச்சடிக்காத பெட்டிக்கு எதற்கு இரட்டை விலை?

வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "பாசிதானே... நம்ம ஏரியிலேயே பச்சைப் பசேல்னு மிதக்குதே!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கோவில்பதாகை ஏரியோ வேறு எந்த ஏரியோ, சாக்கடை கலந்த நீரில் படரும் நீலப்பச்சைப் பாசிகளில் சில, ஈரலைக் கெடுக்கும் விஷத்தைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. ஸ்பைருலினாவும் அதே குடும்பம்தான் என்றாலும், அதைச் சுத்தமான தொட்டியில், உவர்த்தன்மையுள்ள நீரில் தனியாக வளர்க்கிறார்கள். ஒரே குடும்பத்தில் சாதுவும் உண்டு, போக்கிரியும் உண்டு! உங்கள் கோழிக்கு முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், போதும். கருவில் நிறம் தானாக வரும்.

இப்போது அந்த அம்மாவுக்குப் பதில். ஸ்பெஷல் முட்டை வாங்கி இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பதைவிட, அதே காசில் சாதா முட்டை வாங்கி ஆளுக்கொன்று முழுசாகக் கொடுங்கள். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பிள்ளைகள் வளர்வது முட்டையில் உள்ள சத்தால். பெட்டியின் பளபளப்பால் இல்லை!