நத்தை ஒன்றும் துப்புரவுத் தொழிலாளி அல்ல

அலங்கார மீன் கடைகளில் நத்தையை எப்படி விற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா மாணவர்களே? “ரெண்டு வாங்கிப் போடுங்க, பாசியெல்லாம் போயிடும்.” கண்ணாடி துடைக்கும் பஞ்சை விற்பதுபோலத்தான் விற்கிறார்கள். வாங்குபவரும் அப்படியே நடத்துகிறார். மீனுக்கு உணவு உண்டு, மருந்து உண்டு. நத்தைக்கு எதுவும் கிடையாது.

உங்கள் வீட்டிலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ நத்தை இருந்தால், இன்றே அதன் ஓட்டின் கூர்நுனியைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகக் குழி விழுந்திருக்கிறதா? வயதாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே நடப்பது வேறு. உயிரோடு இருக்கும்போதே அதன் ஓடு கரைகிறது.

சுண்ணாம்புக் கல்லில் அமிலத்தை விட்டால் குமிழி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நத்தை ஓட்டின் பெரும்பகுதியும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதன்மேல் மெல்லிய தோல் போன்ற ஒரு படலம் இருக்கும். நுனிதான் ஓட்டின் மிகப் பழைய பகுதி என்பதால், அந்தப் படலம் முதலில் அங்கேதான் தேயும். பிறகு தண்ணீர் நேராகச் சுண்ணாம்பைத் தொடும். அந்தத் தண்ணீரின் பிஎச் அளவு 7-க்குக் கீழே இருந்தால் ஓடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

சுத்தமான குழாய்நீர் எப்படி அமிலமாகிறது? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நீரிலுள்ள கார்பனேட் உப்புகள் அதைச் சமன்செய்யும். அவை தீர்ந்ததும் பிஎச் இறங்கத் தொடங்கும். மென்னீரில் அவை விரைவில் தீரும். சண்டை மீன் வளர்ப்பவர்கள் போடும் கெத்தாப்பாங் இலையும் நீரை அமிலமாக்கும். அந்த மீனுக்கு அது ஒத்துவரும், நத்தைக்கு ஒத்துவராது. ஒரே தொட்டியில் இரண்டையும் வைத்து அழகு பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. இலையா, நத்தையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஓடு கரைவதைக் கண்டதும் பலர் கணவாய் ஓட்டை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால், அளந்து பார்க்காமல் மருந்து கொடுப்பது என்ன அறிவியல்? முதலில் பிஎச் சோதனைத் தாளை நனையுங்கள். 7-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றுங்கள். வடிகட்டியில் பவளத் துகள்களைப் போடுங்கள். நீர் அமிலமாக ஆக அவை கூடுதலாகக் கரைந்து அமிலத்தைத் தணிக்கும்.

நுனியில் விழுந்த குழி மறுபடி மூடாது. ஓடு வளர்வது வாயின் விளிம்பில்தான். ஆகவே, உங்கள் முயற்சி பலிக்கிறதா என்று அறிய விளிம்பைப் பாருங்கள். புதிதாக வளர்ந்த பகுதி வழவழப்பாகவும் உறுதியாகவும் இருந்தால் சரி.

உணவையும் மறக்காதீர்கள். பளபளவென்று சுத்தமாக இருக்கும் தொட்டியில் நத்தை பட்டினிதான் கிடக்கும். வேகவைத்த பயற்றங்காயை இரவில் போட்டு, மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிடுங்கள். மீனுக்கு மருந்து வாங்கும்போது அதில் செம்பு இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். வேடிக்கை என்னவென்றால், பல நத்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த புரதம்தான். அதே செம்பு நீரில் கரைந்திருந்தால் நத்தையைக் கொன்றுவிடும்.

வளர்த்து அலுத்துப்போனால் கால்வாயில் மட்டும் விடாதீர்கள். நம் வயல்களில் இளம் நாற்றைத் தின்று தீர்க்கும் சிப்புட் கோண்டாங் ஏமாஸ் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1991-இல்தான் மலேசியாவில் கண்டறியப்பட்டது. கடைகளில் விற்கும் ‘மிஸ்டரி’ நத்தை அதற்கு நெருங்கிய உறவு. வேண்டாத நத்தையைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பெருகிவிடுமோ என்று பயமாக இருந்தால் நெரைட் வகையை வாங்கலாம். அதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் அது பெருகாது. ஆனால், கண்ணாடியெங்கும் எள்ளுபோல வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். அவற்றைச் சுரண்டி எடுக்கும் துப்புரவு வேலை உங்களுடையது.